போல்ட்டில் வரிப்பள்ளம்: கேட்டவர்களுக்குப் பதில்

லேத் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கனடாவின் ஆல்பர்ட்டாவுக்கு வந்த பிறகு நவம்பர் தவறாமல் மான் வேட்டைக்குப் போகிறேன். அதனால்தானோ என்னவோ, போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும், கையால் இழுக்கிற எஃகு உருளை) உடம்பில் பள்ளம் வெட்டிய வேட்டை ரைபிள்களைப் பற்றிய சந்தேகமெல்லாம் என்னிடம் வந்து சேருகிறது. இந்த முறை வந்தவற்றுக்கு ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, ஒரே மாடலில் இரண்டு ரைபிள் பார்த்தேன். ஒன்றில் போல்ட் வழவழவென்று இருக்கிறது. இன்னொன்றில் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றிப் பள்ளம், விலையும் கூடுதல். எடை குறையும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு குறையும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பள்ளம் 4 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. ஆழம், 80 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெளியே வரும் எஃகு 4 கிராம்கூடத் தேறாது. ஆறு பள்ளம் என்றால் 22, 23 கிராம். ஒரு 308 வின்செஸ்டர் தோட்டாவின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பையில் ஒரு தோட்டாவைக் குறைத்து எடுத்துப் போனால் அதே லாபம், காசு செலவில்லாமல். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோ துப்பாக்கியைச் சுமக்கிற தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. எவ்வளவு என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

மண்ணும் பனியும் அந்தப் பள்ளத்துக்குள் ஒதுங்கிவிடும், போல்ட் சிக்காது என்கிறார்களே?

பாதி உண்மை. போல்ட்டுக்கும், அது உள்ளே ஓடும் கூடான ரிசீவருக்கும் நடுவில் மணல் மாட்டினால் நறநறவென்று அரைக்கும். பள்ளம் இருந்தால் அந்தத் துகள் போய் ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும், உரசும் பரப்பும் குறையும். புழுதிக் காட்டில் இது கொஞ்சம் உதவும்.

ஆனால் எங்கள் ஊர்க் குளிரில் அதே பள்ளம் எதிராகவும் வேலை செய்யும். ஒரு நாள் மைனஸ் இருபது. தூறல் பனியில் காலை முழுக்க நடந்துவிட்டு, தோட்டாக்களை எடுத்துவிட்டு, ரைபிளை ஹீட்டர் ஓடும் வண்டிக்குள் வைத்தேன். பள்ளங்களில் அடைந்திருந்த பனி உருகித் தண்ணீராகிவிட்டது. டீ குடித்துவிட்டு மறுபடி வெளியே எடுத்து வந்தால், அந்தத் தண்ணீர் அப்படியே உறைந்து போல்ட்டைக் கவ்விக்கொண்டது. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வழவழப்பான போல்ட்டாக இருந்திருந்தால் துணியால் ஒரு துடைப்பில் முடிந்திருக்கும். இப்போதெல்லாம் துப்பாக்கியை வண்டியின் பின்பக்கக் குளிரிலேயே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. குளிரில் ரைபிள் வேலை செய்யாமல் போக முக்கியக் காரணம் போல்ட்டின் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைச் சுற்றிக் கெட்டி எண்ணெய் இருந்தால் அது இறுகி, பின் மெதுவாகப் பாயும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் அடி சரியாக விழாது. சீசனுக்கு முன் உள்ளே இருக்கும் எண்ணெயைத் துடைத்து எடுங்கள். எந்தப் பள்ளத்தையும்விட அது பெரிய உதவி.

அப்படியானால் வெதர்பி மார்க் 5 ரைபிளில் எதற்குப் பள்ளம் வைத்தார்கள்? அதுவும் அலங்காரமா?

நல்ல கேள்வி. அது வேறு கதை. சாதாரண போல்ட்டில் உடம்பு ஒல்லி, முன்னால் இரண்டு லக்குகள் (ரிசீவரில் மாட்டிப் பூட்டும் புடைப்புகள்) மட்டும் துருத்திக்கொண்டு ரிசீவரில் தங்களுக்கென வெட்டிய தடத்தில் ஓடும். 1958-இல் வந்த மார்க் 5-இல் ஒன்பது சிறிய லக்குகள், மூன்று மூன்றாக. போல்ட்டின் உடம்பும் லக்குகளும் ஒரே விட்டம். பம்புக்குள் பிஸ்டன் ஓடுவது மாதிரி, உருண்டைத் துளைக்குள் முழு உடம்பும் உரசிக்கொண்டு ஓடுகிறது. அங்கே பள்ளம் வெட்டினால் உரசும் பரப்பு நிஜமாகவே குறைகிறது, அழுக்குக்கும் இடம் கிடைக்கிறது. பள்ளத்துக்கு உருப்படியான வேலை இருக்கும் இடம் இது. ஒல்லி உடம்பு போல்ட்டுகளில் வெட்டுவது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

பள்ளம் வெட்டினால் போல்ட் பலவீனமாகாதா? பயமாக இருக்கிறது, ஐயா.

லக் முன்னால் இருக்கும் ரைபிள் என்றால் பயம் வேண்டாம். சுடும்போது அழுத்தத்தைத் தாங்குவது முன்முனையும் லக்குகளும்தான். நடு உடம்புக்கு அந்தச் சுமை வராது. லக் பின்னால் இருக்கும் லீ என்ஃபீல்டு, ரெமிங்டன் 788 போன்றவற்றில் கதை தலைகீழ். தோட்டாவின் உதை போல்ட்டின் உடம்பு வழியாகத்தான் பின்னால் போகிறது. அவற்றில் கை வைக்கவே கூடாது.

பழைய மவுசர் 98-லும் வேண்டாம். அதில் மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தியது. வெட்டினால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே தெரியும். அப்புறம், முன்முனை முதல் பின்முனை வரை திறந்து கிடக்கும் நேர்ப் பள்ளம் எனக்குப் பிடிக்காது. தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்தால் சூடான வாயு பின்னால் முகத்தை நோக்கி வர நாமே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். இரு முனைக்கும் முன்பே நின்றுவிடும் பள்ளம்தான் சரி.

குழலில் போடும் பள்ளமும் இதுவும் ஒன்றா?

இல்லை. குழலில் வெட்டும்போது எடை நிறையவே குறையும். அதே எடையுள்ள மெல்லிய குழலைவிடப் பள்ளம் வெட்டிய தடித்த குழல் விறைப்பாக இருக்கும். போல்ட்டில் வெட்டுவதால் குறி ஒரு மயிரிழைகூடத் திருந்தாது.

என் பழைய ரைபிளின் போல்ட்டைக் கொடுத்துப் பள்ளம் போட்டுக்கொள்ளலாமா?

நானும் ஒருமுறை ஒருவரிடம் கொடுத்தேன். பார்க்க அம்சமாகத்தான் திரும்பி வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டறையில் பழகிய கைக்கு அது வெட்கக்கேடு. நாலு தடவை இழுத்ததும் ரிசீவரின் உள்ளே நீளமாக ஒரு கீறல். அது இன்னும் இருக்கிறது. கொடுப்பதானால் போல்ட் வேலையே பிழைப்பாக உள்ளவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் விரல் நகத்தால் ஒவ்வொரு ஓரத்தையும் தடவிப் பாருங்கள். வெட்டிய இடம் துருப்பிடிக்காமல் மேல்பூச்சு போட்டிருக்கிறாரா, ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து, உள்ளே தோட்டா முட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரம்) சரிபார்த்தாரா என்றும் கேளுங்கள். வீட்டில் கை கிரைண்டரை வைத்துச் செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பள்ளம் உள்ள போல்ட்டை இழுக்கும்போது "ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறதே, மான் ஓடிவிடாதா?

பள்ளத்தின் ஓரங்கள் ரிசீவரின் பின்பாலத்தில், அதாவது அதன் பின்பக்க வளையத்தில், உரசிப் போகிற சத்தம் அது. சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பல் கூசும். ஆனால் நீங்கள் இரண்டாவது தடவை போல்ட்டை இழுக்கும் நேரத்தில் முதல் வெடிச் சத்தத்தைக் கேட்டே மான் ஓட ஆரம்பித்திருக்கும்.