பூஞ்சை வளர்வதிலும் நோய் உண்டாக்குவதிலும் மோட்டார் புரதங்களுக்கு என்ன வேலை?

"பூஞ்சைக்குக் கால் கிடையாது, அதற்குள்ளே நடக்கிற புரதம் எதற்கு?" என்பது கேள்வி. என் இடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

மும்பை மழைக்காலம். செம்பூரிலிருந்து தினமும் லோக்கலில் நனைந்துபோய், அதே பேண்ட்டோடு ஏசியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்ததில் படர்தாமரை வந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் பூசினேன். ஒரே வாரத்தில் போய், அடுத்த வாரமே இரண்டு மடங்காகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது (நுண்ணுயிரியல் படித்தவன் அட்டையைப் படிக்காமல் பூசியிருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்). தோல் டாக்டர் கிரிசியோஃபுல்வின் மாத்திரை எழுதித் தந்து, எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். அதே வாரம் கும்பகோணத்திலிருந்து அப்பா போன்: நெல் வயலில் குலை நோய் (அதுவும் பூஞ்சை வேலைதான்), கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி தெளித்திருக்கிறாராம்.

இரண்டும் வேறு வேறு வேதிப்பொருள். ஆனால் அடி விழுகிற இடம் ஒன்று: பூஞ்சைக்குள் இருக்கும் தண்டவாளம்.

பூஞ்சை இழை தென்னை மாதிரி நுனியில்தான் வளரும். ஆய்வகங்களில் வளர்க்கும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சை ஒரு மணி நேரத்தில் 3, 4 மில்லிமீட்டர் நீளும். அந்த வேகத்துக்குச் சுவர் கட்டும் சரக்கு நுனிக்கு ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தானாக மிதந்து வந்தால் கட்டுப்படியாகாது. அதனால் டியூபுலின் புரதத்தால் ஆன நுண்குழல்கள் இழை நெடுகக் கிடக்கின்றன; நான் சொன்ன தண்டவாளம் இவைதான். அவற்றின் மேல் கைனசின் என்ற மோட்டார் புரதம் பெரும்பாலும் நுனி நோக்கிச் சரக்கைத் தூக்கிப்போகும். ஓர் அடி எடுத்துவைத்தால் 8 நானோமீட்டர், செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்று செலவு. டைனீன் என்ற இன்னொரு மோட்டார் எதிர்த்திசையில் வரும். நுனிக்கருகில் ஆக்டின் என்ற வேறொரு புரத இழை மேல் கடைசித் தூரம் மூன்றாவது மோட்டாரான மயோசின் பொறுப்பு. கட்டட வேலையில் சித்தாட்கள் செங்கல் கைமாற்றுவது மாதிரி.

கொத்தனார் யார் என்றால், சுவரின் முக்கியப் பொருளான கைட்டினைக் கட்டும் நொதி. அதில் ஒரு வகைக்கு மயோசின் தலையே ஒட்டியிருக்கிறது. பூஞ்சைகளில் காணும் விசித்திரம் இது. மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சையில் அந்தத் தலையை நீக்கிப் பார்த்தார்கள். நொதியைச் சுமந்த பைகள் வழக்கம்போல ஓடின. ஆனால் செடியில் நோய் உண்டாக்க முடியவில்லை. அதாவது அந்தத் தலை நடப்பதற்கல்ல, நுனியில் வந்த பையைப் பிடித்து நிறுத்துவதற்கு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இதுதான்.

தண்டவாளம் கெட்டால் இழை திசை தவறிச் சுருளும். கிரிசியோஃபுல்வினுக்கு 1946இல் வைத்த பெயரே 'சுருட்டும் காரணி'. டைனீன் கெட்ட நியூரோஸ்போராவும் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொள்ளும். ஆனால் மருந்தாக வேலை செய்வதில் பெரும்பங்கு, உட்கரு பிரிவது நின்றுபோவதுதான். அதற்கும் இதே குழல்கள்தான் வேண்டும். பவாய் ஐஐடியில் துலால் பாண்டா குழுவினர் 2005இல், நம் செல்களின் நுண்குழல்களிலும் இந்த மருந்து எப்படிக் கைவைக்கிறது என்று காட்டினார்கள்.

மோட்டாரையே அடிக்கக் கூடாதா என்றால், சிக்கல் அதுதான்: அது நமக்கும் சொந்தம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் டைனீனோடு சேர்ந்து உட்கருக்களைப் பரப்பிவைக்கும் ஒரு மரபணு உண்டு. நம்மில் அதன் இணை பழுதானால் குழந்தை மூளை மடிப்பில்லாமல் வழவழவென்று பிறக்கிறது. 1995இல் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது பூஞ்சைக்காரர்களுக்கே வியப்பு. விதிவிலக்கும் இருக்கிறது: கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையின் மயோசினைக் குறிவைக்கும் ஃபெனமாக்ரில் என்ற மருந்து, சீனாவில் புழக்கத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் வயலுக்கு அடிக்கிற மருந்தத்தான் நீ முழுங்குறியா?"

"இல்லப்பா, மருந்து வேற, அடிபடுற இடம்தான் ஒண்ணு."

"சரி, போன தடவ கேட்ட மாதிரி இந்தத் தடவ கேக்கலையே?"

டியூபுலினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும், கார்பெண்டசிம் பிடி நழுவிவிடும் என்றேன். பல பூஞ்சைகளில் பார்த்த விஷயம்.

"அப்ப வேற கடையில வாங்கட்டா?"

"கடைய மாத்தாதீங்கப்பா, மருந்து வகைய மாத்தணும். வேளாண் அலுவலர்கிட்ட ட்ரைசைக்ளசோல் பத்திக் கேளுங்க. அது தண்டவாளத்துப் பக்கமே போகாது, பூஞ்சையோட கருப்பு நிறமிய நிறுத்தும். அது இல்லன்னா இலையத் துளைக்கிற அழுத்தம் வராது."

"அந்தப் பேர ஒரு தடவ மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்."