விளக்கை அணைத்துவிட்டு பிரேக் சரி என்றார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: வக்கீல் சார், குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2005 மாடல் பென்ஸ் ஈ கிளாஸ் கார் வைத்திருக்கிறேன். டேஷ்போர்டில் ‘சர்வீஸ் பிரேக்’ என்று எச்சரிக்கை வந்ததால் கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹைட்ராலிக் யூனிட்டைச் சரிசெய்ததாக 92,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பர்லியாறு தாண்டி ஏறும்போது அதே எச்சரிக்கை சிவப்பில் வந்தது. பெடலும் ஆழமாக இறங்கியது. கேட்டால், “இருபது வருஷ வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். ‘வழக்கு கோவை நீதிமன்றத்தில் மட்டுமே’ என்று பில்லில் வேறு அச்சடித்திருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் கோளாறு என்று தெரிந்தே சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவின்படி குற்றம். எங்காவது இடித்துவிட்டால், நியாயம் கேட்கப் போன நீங்களே பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். எங்கே கொண்டுபோனாலும் ரிகவரி வண்டியில் ஏற்றுங்கள், அந்த பில்லும் நஷ்டஈட்டுக் கணக்கில் சேரும்.

அடுத்து, காரின் கம்ப்யூட்டரில் இப்போது பதிவாகியிருக்கும் ஃபால்ட் கோடை, அதாவது கோளாறுக் குறியீட்டை, யாரும் அழிக்க விடாதீர்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது எஸ்.பி.சி. எனும் எலக்ட்ரானிக் பிரேக். நீங்கள் மிதிப்பதை சென்சார் அளக்கும். பம்ப் அழுத்தி வைத்திருக்கும் திரவம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அது கைவிட்டால் முன்சக்கரங்களில் மட்டும், அதுவும் நீளமாக மிதித்தால்தான் பிடிக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். 2004-லும் 2005-லும் தயாரிப்பாளரே இந்த பிரேக்குக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்.

இந்த யூனிட் எத்தனை முறை பிரேக் பிடித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே வரும், வரம்பு வந்தால் எச்சரிக்கும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் ஏறுவதில் ஆச்சரியமில்லை. யூனிட்டை மாற்றினாலும் விளக்கு அணையும்; ஸ்கேனரைச் செருகி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினாலும் அணையும். 92,000 ரூபாய்க்கு அவர்கள் செய்தது எது? எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டு ரிப்பேர் என்று பில் போட்டிருந்தால், அது தெளிவான சேவைக் குறைபாடு. வண்டியின் வயது அதற்குச் சமாதானம் ஆகாது. வயது தெரிந்துதானே வேலையை ஒப்புக்கொண்டார்கள்?

இதைக் கண்டுபிடிக்க, பென்ஸுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கோட், தேதி, கிலோமீட்டர் எல்லாம் வரும்படி பிரிண்ட் எடுங்கள். யூனிட்டின் மேலுள்ள பார்ட் நம்பரையும் சீரியல் நம்பரையும் படம் பிடியுங்கள். படங்களைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவில் சொல்லும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைத் திறந்து பார்க்கச் சொல்லவே வேண்டாம். சிஸ்டத்தை முடக்காமல் பிரேக்கில் கைவைத்தால், பம்ப் தானாக ஓடி விரலை நசுக்கிவிடும்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி நோட்டீஸ் அனுப்புங்கள். ஜாப் கார்டு (செய்த வேலைகளை எழுதிய சீட்டு), பாகம் வாங்கிய பில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கை, கழற்றிய பழைய பாகம் ஆகியவற்றைக் கேளுங்கள். பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் திணறுவார்கள். 15 நாளுக்குள் வந்து வண்டியைப் பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். அதற்கு முன்பே வேறிடத்தில் ரிப்பேர் செய்துவிட்டால், “எங்கள் வேலையை அவர்கள்தான் கெடுத்தார்கள்” என்று சுலபமாக நழுவிவிடுவார்கள்.

சரி, வழக்கை எங்கே போடுவது? உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அதாவது ஊட்டியிலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. பில்லில் அச்சடித்த ஒரு வரி அந்த உரிமையைப் பறிக்காது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும்.

உங்கள் ஹோம்ஸ்டேதான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் காரில் விருந்தினர்களைக் காசு வாங்கி ஏற்றியிருந்தால், வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதாடுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வெள்ளை நம்பர் பிளேட்டில் வாடகை ஓட்டியது தனி வம்பு. எதுவானாலும் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

புது காருக்கான பணத்தையெல்லாம் கேட்காதீர்கள். 92,000 ரூபாய், ரிகவரி செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். அமெரிக்காவில் இந்த யூனிட்டுக்கு உத்தரவாதத்தை நீட்டித்ததை இணையத்தில் பார்த்திருந்தால், அதையும் நோட்டீஸில் சேர்க்க வேண்டாம். அது அங்குள்ள கார்களுக்கானது. அதோடு, உங்கள் சண்டை ஒர்க்‌ஷாப்போடுதான், தயாரிப்பாளரோடு இல்லை.