மகளின் படிப்புக்கு எஸ்எஸ்பிஎன்: கணக்கு யார் பெயரில்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். எல்லாக் கழிவும் போக வரிக்குரிய வருமானம் எனக்கு ஆண்டுக்கு 36,000 ரிங்கிட், பேக்டரியில் வேலை செய்யும் மனைவிக்கு 17,000. தனித்தனியாகத்தான் வரிக் கணக்குக் காட்டுகிறோம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்காக மாதம் 250 ரிங்கிட் எஸ்எஸ்பிஎன் எனும் தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போட நினைக்கிறோம். மனைவி பெயரில் கணக்குத் திறக்கலாமா?

பதில்: வேண்டாம், உங்கள் பெயரில் திறங்கள். 17,000 ரிங்கிட்டுக்கு வரி 120தான். வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு உள்ள 400 ரிங்கிட் தள்ளுபடியில் அது கழிந்துவிடும். வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகையால் என்ன பயன்?

உங்கள் நிலை வேறு. 36,000-க்கு வரி 660 ரிங்கிட். ஆயிரம் ரிங்கிட் கூடிப்போனதால் அந்தத் தள்ளுபடியும் உங்களுக்கு இல்லை. எஸ்எஸ்பிஎன்னில் போடும் தொகை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும்; அதுதான் சலுகை. 1,000 போட்டால் வருமானம் 35,000-க்கு இறங்கும். வரி 600, தள்ளுபடி 400, கட்டுவது 200. முதல் ஆயிரத்திலேயே 460 ரிங்கிட் மிச்சம்! அதன்பின் போடும் ஒவ்வொரு நூறுக்கும் 3 ரிங்கிட்தான் குறையும். நீங்கள் சொல்லும் 3,000 போட்டால் கட்ட வேண்டியது 140. சலுகையின் உச்சவரம்பு 8,000 என்றாலும், ஏறக்குறைய 7,670-லேயே உங்கள் வரி பூஜ்யமாகிவிடும். இந்தச் சலுகை 2027 வரி மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு.

பலர் சறுக்குவது பணத்தை எடுக்கும்போதுதான். அந்த ஆண்டில் போட்டதிலிருந்து அதே ஆண்டில் எடுத்ததைக் கழித்து, மீதிக்கு மட்டுமே சலுகை. பழைய இருப்பு எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது. 3,000 போட்டுவிட்டு, டிசம்பரில் பள்ளிச் சீருடைக்கும் புத்தகப்பைக்கும் வீட்டுச் செலவுக்குமாக 2,200 எடுத்தீர்கள் என்று வையுங்கள். நிகரம் 800. வருமானம் 35,200 ஆகிவிடும், தள்ளுபடி போய்விடும், வரி 612. எடுத்த பணத்துக்காக 472 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுவீர்கள். அதனால் தீபாவளி, பள்ளித் திறப்புச் செலவுகளுக்கு வங்கியில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

போனஸ் வரும் ஆண்டில் இன்னொரு வேலையும் உண்டு. நவம்பர் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் ஆண்டு வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள். கழிவுகளும் எஸ்எஸ்பிஎன்னும் போக 35,000-க்கு மேல் நின்றால், அந்த வித்தியாசத்தைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். டிசம்பர் 31 கடைசி நாள். அன்றிரவு வரை காத்திருக்காமல் மாத நடுவிலேயே அனுப்புங்கள்.

திறக்கும்போது எஸ்எஸ்பிஎன் பிரைம் போதும், 20 ரிங்கிட்டில் தொடங்கலாம். பிளஸ் என்பது தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) பாதுகாப்போடு மாதாமாதம் கட்டுவது. சேமிப்பாளர் நீங்கள், பயனாளி மகள் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா தன் பெயரில் பேத்திக்குத் திறந்தால் சலுகை உங்களுக்கு வராது. ஆண்டறிக்கையை, திட்டத்தை நடத்தும் பிடிபிடிஎன்னின் மைபிடிபிடிஎன் செயலியில் இறக்கி, பிஇ எனும் வருமான வரிப் பாரத்தில் நிகரத் தொகையை எழுதுங்கள். அறிக்கையை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள், வரி வாரியம் பிறகு கேட்கலாம்.