கார்ஃப் கோட்டை வாயில் சரிந்தது எப்படி?

வணக்கங்க. இங்கிலாந்தில் இருக்கும் கார்ஃப் கோட்டை வாயிலில் ஒரு பாதி மட்டும் கீழே இறங்கி நிற்கிறதே, நிலநடுக்கமா என்று படம் அனுப்பிக் கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, வெடிமருந்து. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மேரி பேங்க்ஸ் என்ற பெண்மணி அரசர் பக்கம் நின்று காத்த கோட்டை அது. 1646இல் உள்ளிருந்த அதிகாரி ஒருவரே, துணைப்படை என்று சொல்லி எதிராளிகளைக் கூட்டிவந்துவிட்டார். கூட இருந்தே குழி பறிப்பது என்றால் இதுதான்!

மறுபடி யாருக்கும் பயன்படக்கூடாதென்று நாடாளுமன்றம் இடிக்கச் சொன்னது. சுவரடியைக் குடைந்து மருந்து வைத்தார்கள். தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் லேசில் பொடியாகுமா? கோபுரம் நின்ற வாக்கிலேயே வழுக்கி இறங்கிவிட்டது. உங்கள் படத்தைப் பெரிதாக்கி, பிளவின் இருபுறமும் கல்வரிசைகளை ஒப்பிடுங்கள், புரிந்துவிடும். பெயர்ந்த கற்களில் நிறைய, கீழே ஊர் வீடுகளுக்குப் போய்விட்டன.