ஹாங்சோவிலிருந்து சனி, ஞாயிறு இரண்டே நாளில் எந்தப் பழைய சீன கிராமத்துக்குப் போகலாம்?

ஆன்ஹுய் மாகாணத்தின் ஹோங்சுன் போங்கள். அதிவேக ரயிலில் ஹுவாங்ஷான் வடக்கு நிலையம், அங்கிருந்து பஸ். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் இது.

அங்கே தண்ணீரைக் கவனியுங்கள். மலையோடையிலிருந்து திருப்பிய நீர் முழங்கையகல வாய்க்காலாக வீட்டு வாசல்தோறும் ஓடி, நடுவிலுள்ள அரைவட்ட நிலாக் குளத்தை நிரப்பி, தெற்கு ஏரியில் சேர்கிறது. ஊரே படுத்திருக்கும் எருது என்பார்கள்; வாய்க்கால் குடல், குளம் வயிறு. விடியற்காலையில் வெள்ளைச் சுவர்கள் குளத்தில் அசையாமல் தெரியும். அதற்காகவே சனி இரவு ஊருக்குள் தங்குங்கள், பகலில் கூட்டம் அதிகம்.

வீடுகள் உப்பு, தேயிலை வணிகர்கள் கட்டியவை. வெளிச்சுவரில் ஜன்னல் குறைவு, வெளிச்சம் முற்றம் வழியாகத்தான். நாலு பக்கக் கூரை மழையும் உள்ளேயே விழும். தண்ணீர் செல்வம், வெளியே போகக்கூடாது என்பது நம்பிக்கை. கூரைக்கு மேல் படிப்படியாக எழும் சுவர், பக்கத்து வீட்டுத் தீ தாவாமலிருக்க.

அப்புறம், ஞாயிறு காலை பக்கத்திலுள்ள ஷிதிக்குப் போய் 1578-ஆம் ஆண்டுக் கல் வளைவைப் பாருங்கள். ஹுவாங்ஷான் மலையேற்றத்தை இதோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒருநாள் வேண்டும்.