ஈஎஸ்பி32-கேம் போர்டில் ஓவி2640 கேமராவுக்குப் பதிலாக எதைப் போடலாம்?

ஓவி3660 போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

பழைய ஈஎஸ்பி32-கேமில், அதாவது வைஃபை உள்ள அந்தச் சின்ன போர்டில், கேமரா செத்துவிட்டது, ஓவி2640 தயாரிப்பை நிறுத்திவிட்டதாகக் கடைக்காரர் சொல்கிறார், 5 மெகாபிக்சல் ஓவி5640 வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் சொன்னது சரிதான். போர்டு தயாரிக்கும் சீட் ஸ்டுடியோ நிறுவனமே தன் ஷியாவ் ஈஎஸ்பி32-எஸ்3 சென்ஸ் போர்டில் ஓவி2640-ஐ விட்டு ஓவி3660-க்கு மாறிவிட்டது. ஆனால் மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, சென்சார் தானே ஜேபெக் படமாகச் சுருக்கித் தருகிறதா என்பதைத்தான்.

ஓவி2640 இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணமே அதுதான். 1600×1200 படத்தை ஆர்ஜிபி565-ஆக, அதாவது சுருக்காமல் புள்ளிக்கு 2 பைட் வீதம், அப்படியே அனுப்பினால் ஒரு ஃபிரேம் 38,40,000 பைட். போர்டின் மூளையான ஈஎஸ்பி32 சிப்புக்குள் இருக்கும் நினைவகம் (எஸ்ரேம்) 520 கேபி, வெளியே ஒட்டியிருக்கும் கூடுதல் நினைவகம் (பிஎஸ்ரேம்) 4 எம்பி, அதையும் அந்த ஒரு படமே கிட்டத்தட்ட விழுங்கிவிடும். 640×480 வைத்தால்கூட 6,14,400 பைட், உள் நினைவகத்தில் அடங்காது. சென்சாரே ஜேபெக் ஆக்கிக் கொடுப்பதால்தான் இந்தச் சின்ன சிப் சமாளிக்கிறது. ஓவி3660, ஓவி5640 இரண்டும் அதைச் செய்யும். விலை குறைவு என்று கொடுக்கும் ஜிசி2145 செய்யாது. அதுவும் 2 மெகாபிக்சல்தான், டிரைவரும் இருக்கிறது, ஆனால் சுருக்கும் வேலை முழுக்க ஈஎஸ்பி32 தலையில் விழும், வேகம் படுத்துவிடும். ஓவி7670-ம் இதே கதைதான், அது விஜிஏ (640×480) வரைக்கும்தான்.

நான் கோத்தகிரி பக்கம், கேரட் தோட்டத்து வேலி ஓரம் காட்டெருமை வருகிறதா என்று பார்க்க இந்த போர்டுகளைத்தான் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் வைஃபை எட்டுவதே பெரிய பாடு, எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் கடைசியில் 800×600 படம்தான் அனுப்புகிறேன், வந்தது எருமையா, பக்கத்து வீட்டு மாடா என்று தெரிய அது போதும். அதனால் ஓவி5640-க்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர அது நன்றாகச் சூடாகும். ஆட்டோஃபோகஸ் உள்ளதை வாங்கினால் அதற்கென்று தனி ஃபர்ம்வேரையும் (உள் மென்பொருள்) சென்சாருக்குள் ஏற்ற வேண்டும். கிட்டத்தில் இருக்கும் பார்கோடையோ மீட்டரையோ படிக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

மாட்டும்போது கவனம். கேமராவின் ரிப்பன் (தட்டையான இணைப்புப் பட்டை) செருகும் இடத்தில் கறுப்பாக ஒரு மெல்லிய பட்டை இருக்கும், அதை நகத்தால் மெதுவாகத் தூக்கினால் நிமிர்ந்து நிற்கும், ரிப்பனை நேராக உள்ளே விட்டு இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டையை அமுக்குங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 24 பின், கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும். 24 பின் இருக்கிறது என்பதற்காக எந்த மாட்யூலையும் செருகிவிடாதீர்கள், ஈஎஸ்பி32-கேமுக்கு என்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நிரல். போர்டு சென்சாரைக் கூப்பிடும் முகவரி ஓவி2640-க்கு ஹெக்ஸ் 30, ஓவி3660, ஓவி5640 இரண்டுக்கும் ஹெக்ஸ் 3சி. இதை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, ஈஎஸ்பி32-ஐத் தயாரிக்கும் எஸ்பிரெஸ்ஸிஃபின் கேமரா லைப்ரரி தானே தேடிக் கண்டுபிடிக்கும், ஆனால் லைப்ரரி பழசாக இருக்கக்கூடாது. கணினியில் போர்டின் செய்திகள் தெரியும் சீரியல் மானிட்டரில் ஹெக்ஸ் 105 என்று பிழை வந்தால் கேமராவே அகப்படவில்லை, ரிப்பனையும் பவரையும் பாருங்கள். 106 என்றால் ஏதோ ஒன்று பதில் சொல்கிறது, லைப்ரரிக்கு அது யாரென்று தெரியவில்லை, அப்போது ரிப்பனை நோண்டாமல் லைப்ரரியைப் புதுப்பியுங்கள். படம் தலைகீழாக வந்தால் பயப்பட வேண்டாம், ஓவி3660-ல் அது சகஜம். கூடவே வரும் மாதிரி நிரலே சென்சார் எந்த மாடல் என்று சொல்லும் பிஐடி எண்ணைப் பார்த்து, ஓவி3660 என்றால் படத்தைத் திருப்பி, வெளிச்சத்தை ஒரு படி கூட்டி, நிறச் செறிவை இரண்டு படி குறைக்கிறது. உங்கள் நிரலிலும் இப்படி பிஐடி பார்த்தே அமைப்புகளை வையுங்கள், நாளைக்கு இந்தச் சென்சாரும் நின்றுபோனால் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

இரவில் படம் வேண்டும் என்றால் வாங்கும்போதே இன்ஃப்ராரெட் ஃபில்டர் இல்லாத லென்ஸாகக் கேளுங்கள். சாதாரண லென்ஸில் அந்த ஃபில்டர் இருப்பதால் 850 நானோமீட்டர் எல்ஈடி எத்தனை வைத்தாலும் படம் இருட்டாகத்தான் வரும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும், பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து எல்லாப் படமும் பால் மாதிரி வரும். அதைச் சென்சார் கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடாதீர்கள். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை, சரியாகிவிடும்.

உங்களுடையது எந்த போர்டு, என்ன பிழை எண் வருகிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.