விரலை எடுத்தும் ஸ்விட்ச் அணையவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

தொட்டாலே போதும் என்கிற கெப்பாசிட்டிவ் ரகத்தை விட்டுவிட்டு, அழுத்தினால்தான் வேலை செய்யும் ஸ்விட்சுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். கையுறை போட்ட விரலும் ஈரக் கையும் புழங்கும் இடத்தில் இன்றைக்கும் இவைதான் நம்பகமானவை.

கேள்வி: இரண்டு பாலியெஸ்டர் ஷீட்டுகளுக்கு நடுவில் துளை போட்ட டபுள் சைட் டேப் வைத்து, நான்கு பட்டன் உள்ள மெம்பரேன் கீபேட் ஒன்றை நானே செய்தேன். அழுத்தியதும் ஆன் ஆகிறது. விரலை எடுத்தால் ஒரு நொடி கழித்துத்தான் ஆஃப் ஆகிறது. சில சமயம் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. சர்க்யூட்டில் என்ன கோளாறு?

பதில்: சர்க்யூட்டைப் பிரிக்க வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்றுதான் காரணமாக இருக்கும். நீங்கள் அழுத்தும்போது துளைக்குள் இருக்கும் காற்று டேப்பின் ஓரமாகக் கசிந்து வெளியேறுகிறது. விரலை எடுத்தவுடன் அதே வேகத்தில் அதனால் திரும்பி வர முடிவதில்லை. உள்ளே அழுத்தம் குறைந்து, மேல் ஷீட் கீழேயே உறிஞ்சப்பட்டுக் கிடக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை: பின்பக்க ஷீட்டில், கான்டாக்ட் படாத ஓரமாக, அந்தத் துளைக்குள் போகும்படி குண்டூசியால் ஒரு குத்து. உடனே பட்டன் ஒழுங்காக எழும்பினால் காற்றுதான் என்று முடிவு கட்டலாம். அப்படியும் எழும்பவில்லை என்றால், டேப்பின் பசை பிதுங்கித் துளைக்குள் வந்திருக்கிறது. துளையைப் புதிதாக, சுத்தமாக வெட்டியாக வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, ஸ்பேசரிலேயே (நடுவில் இடைவெளி தரும் அந்த டேப்) 1 முதல் 1.5 மி.மீ. அகலத்துக்கு வழி வெட்டி நான்கு துளைகளையும் இணைத்துவிடுவது. ஒரு பட்டன் அமுங்கும்போது காற்று மற்ற மூன்றுக்கும் போய்த் திரும்பும். ஒரே பட்டன்தான் இருக்கிறது என்றால், பக்கத்தில் கான்டாக்ட் இல்லாத காலித் துளை ஒன்றை வெட்டி அதனுடன் இணைக்கலாம். வெளியே திறக்கும் வழி வைப்பது இன்னும் சுலபம்; ஆனால் ஈரமான இடத்தில் அந்த வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அளவுகளையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். அழுத்தத் தேவையான விசை, மேல் ஷீட்டின் தடிமனைப் பொறுத்து மும்மடியாக ஏறும். துளையின் விட்டத்தைப் பொறுத்து இருமடியாக இறங்கும். 0.125 மி.மீ. ஷீட்டை மாற்றி 0.175 மி.மீ. போட்டால், பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஏறக்குறைய 2.7 மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். துளையை இரண்டு மடங்கு அகலமாக்கினால் நாலில் ஒரு பங்கு விசை போதும். 0.125 மி.மீ. ஷீட், 0.2 மி.மீ. ஸ்பேசர், 12 மி.மீ. துளை என்று தொடங்கிப் பாருங்கள். 20 மி.மீ. வரை போனால் கீபேடைக் கொஞ்சம் வளைத்துப் பொருத்தினாலே ஷீட் தானாகத் தொட்டுவிடும். கான்டாக்டுகள் இரண்டையும் கீழ் ஷீட்டிலேயே சீப்பு வடிவில் அமைத்து, மேல் ஷீட்டில் வெறும் கடத்தும் வட்டம் மட்டும் ஒட்டுவது நல்லது. ஒயர்கள் எல்லாம் ஒரே ஷீட்டிலிருந்து வெளியே வந்துவிடும்.

கேள்வி: சில்வர் இங்க் அச்சிட்ட மெம்பரேன் ஸ்விட்ச் வழியாக 5 வோல்ட் ரிலே ஒன்றை நேரடியாக இணைத்தேன். ஸ்விட்ச் நன்றாக இருந்தும் ரிலே இழுக்கவில்லை. ஏன்?

பதில்: அச்சிட்ட டிராக்கும் கான்டாக்டும் சேர்ந்து 100 ஓம் வரை இருப்பது இந்த ரகத்தில் சகஜம். 5 வோல்ட் ரிலே காயில் பெரும்பாலும் 70 ஓம் அளவில் இருக்கும். இரண்டும் தொடராக வந்தால் காயிலுக்குக் கிடைப்பது 2 வோல்ட்தான். ரிலே இழுக்க அது போதாது. மல்டிமீட்டரில் பீப் ஒலி வைத்துச் சோதிக்காமல், ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். பல மீட்டர்களில் 100 ஓமுக்கு பீப் வராது. நல்ல ஸ்விட்சைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

ஸ்விட்ச் சிக்னல் மட்டும் கொடுக்கட்டும், சுமையை டிரான்ஸிஸ்டர் தாங்கட்டும். 2என்2222 போதும். ஸ்விட்ச் வழியாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பேஸுக்கு, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4007 டையோடு. இப்போது ஸ்விட்சில் ஓடுவது 4 மில்லி ஆம்பியர்தான். மெயின்ஸ் மின்சாரத்தை மெம்பரேன் ஸ்விட்ச் வழியே கொண்டுபோகும் எண்ணம் எந்த வடிவிலும் வேண்டாம். அதன் இன்சுலேஷன் அதற்கானது அல்ல.

கேள்வி: நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் விளக்கு எரிய, அழுத்தத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். முதல் நாள் சரியாக வேலை செய்தது. இப்போது ஆள் எழுந்த பிறகும் விளக்கு அணையாமல் மினுக்குகிறது.

பதில்: இந்த எஃப்எஸ்ஆர் சென்சார், அழுத்தம் இல்லாதபோது மெகா ஓம் கணக்கில் இருக்கும், நன்றாக அழுத்தினால் ஆயிரம் ஓமுக்கும் கீழே வரும். எடை போட இது உதவாது, இருக்கிறதா இல்லையா என்று சொல்லத்தான் லாயக்கு. ஒரே எடை நீண்ட நேரம் இருந்தால் ரெசிஸ்டன்ஸ் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். எடையை எடுத்தாலும் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால் அந்த எல்லையிலேயே தடுமாறும்.

சென்சாரை 5 வோல்ட் பக்கமும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டு பக்கமும் வைத்து நடுவிலிருந்து வோல்டேஜ் எடுங்கள். சென்சார் 100 கிலோ ஓமாக இருந்தால் 0.45 வோல்ட், 10 கிலோ ஓம் ஆனால் 2.5, 1 கிலோ ஓம் ஆனால் 4.5. ஆன் ஆவதை 2.5 வோல்டிலும் ஆஃப் ஆவதை 1.5 வோல்டிலும் வையுங்கள். எல்எம்393 கம்பரேட்டரில் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசி) பாசிட்டிவ் ஃபீட்பேக் ரெசிஸ்டர் சேர்த்தால் இந்த இடைவெளி கிடைத்துவிடும். மைக்ரோகண்ட்ரோலர் என்றால் புரோகிராமில் இரண்டு வரி.

இன்னொன்று, உட்காருபவரின் எடை சென்சாரின் உணர்பரப்பில்தான் விழ வேண்டும். உணர்பரப்பைவிடச் சற்றுச் சிறிய ரப்பர் வட்டம் ஒன்றை மேலே ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் குஷன் எடையை ஓரத்து ஃபிரேமுக்கே கொடுத்துவிடும். அடியில் தட்டையான, கெட்டியான பலகை இருக்கட்டும். சென்சார் வளைந்தால் ஆளே இல்லாமலும் அழுத்தம் காட்டும்.

கேள்வி: ரிமோட்டின் ரப்பர் பட்டன்கள் பலமாக அழுத்தினால்தான் வேலை செய்கின்றன. கார்பன் புள்ளியை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. கடத்தும் அடுக்கே மெல்லியது, தேய்த்தால் போய்விடும். சிலிகான் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் படலம்தான் பெரும்பாலும் காரணம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பிசிபி பேடையும் கார்பன் புள்ளியையும் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். புள்ளியின் ரெசிஸ்டன்ஸ் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான ஓம் காட்டினால் கடத்தும் கார்பன் பெயின்ட் ஒரு பூச்சு.

கேள்வி: அசையும் பாகமே இல்லாத பியசோ ஸ்விட்சை, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மோட்டார் ஓடும்படி பயன்படுத்த முடியுமா?

பதில்: முடியாது. பியசோ தகடு அழுத்தம் மாறும் கணத்தில்தான் மின்னூட்டம் தரும். அது சற்று நேரத்தில் கசிந்துவிடும். 27 மி.மீ. பஸர் தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 நானோ ஃபாரட். அதற்குக் குறுக்கே 1 மெகா ஓம் போட்டால் சிக்னல் 20 மில்லி செகண்டில் பெருமளவு இறங்கிவிடும். 10 மெகா ஓம் போட்டால் 0.2 செகண்ட். ரெசிஸ்டரே போடாமல் விட்டால், வெயிலில் தகடு சூடாகும்போது பிறக்கும் மின்னூட்டமே சேர்ந்து ஸ்விட்சை ஆன் செய்துவிடும். ஒரு தட்டுக்கு ஆன், மறு தட்டுக்கு ஆஃப் என்ற வேலைக்கு இது அருமையான ஸ்விட்ச். தகட்டை 2என்7000 மாஸ்ஃபெட் கேட்டுக்கு இணைக்கும்போது 10 வோல்ட் ஜீனர் டையோடு (வோல்டேஜ் அந்த எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) ஒன்றைக் குறுக்கே போட மறக்காதீர்கள். ஓங்கித் தட்டினால் கேட் தாங்கும் 20 வோல்டைத் தாண்டிவிடும்.

கேள்வி: ஈரப்பதமான அறையில் உள்ள மெம்பரேன் பேனல், ஒரு வருடத்துக்குப் பிறகு யாரும் தொடாமலே பட்டன் அழுத்தியதாகக் காட்டுகிறது.

பதில்: வெள்ளி நகர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரமும் இடைவிடாத டிசி வோல்டேஜும் சேர்ந்தால், வெள்ளி அயனிகள் ஒரு டிராக்கிலிருந்து பக்கத்து டிராக்கை நோக்கி நகர்ந்து இழை போலப் படிகின்றன. கனெக்டரைக் கழற்றி, எந்தப் பட்டனையும் அழுத்தாமல் அடுத்தடுத்த டிராக்குகளுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். மெகா ஓம் கணக்கில் இல்லாமல் கிலோ ஓமில் இறங்கியிருந்தால் அந்தப் பேனலை மாற்றத்தான் வேண்டும். புதிதாகச் செய்யும்போது வெளியே தெரியும் வெள்ளி டிராக் முழுவதையும், முக்கியமாக வால் பகுதியின் (பேனலிலிருந்து கனெக்டருக்குப் போகும் பட்டை) முனைகளை, கார்பன் இங்க்கால் மூடச் சொல்லுங்கள். டிராக்குகளைத் தள்ளி அமையுங்கள். வோல்டேஜை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருக்காமல், சில மில்லி செகண்டுக்கு ஒரு முறை மட்டும் கொடுத்து ஸ்கேன் செய்தால் நகர்வு வெகுவாகக் குறையும். வாலை மடித்துக் கோடு விழ வைக்காதீர்கள். 3 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைத்தால் வெள்ளி விரிசல் விடாது.